மூலைக்கல் எங்கே?

ஆடு தொலைந்தால் ஊரே தேடும். வயல் மூலையில் நட்டிருந்த சர்வே கல் தொலைந்தால் யாரும் தேடுவதில்லை. உழவுக்கு வந்த டிராக்டர் தட்டிவிட்டிருக்கும், மழையில் ஓடைக்கரை சரிந்தபோது உருண்டிருக்கும், இல்லாவிட்டால் யாரோ தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் துணி துவைக்கப் போட்டிருப்பார்கள். வரப்புதான் இருக்கிறதே என்று விட்டுவிடுகிறோம்.

ஆனால் வரப்பு நகரும். உழவுக்கு முன்னால் வரப்பில் புல் செதுக்குகிற சாக்கில் மம்பட்டி கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும். போகத்துக்கு நாலு விரல்கடை, அதாவது சுமார் ஏழு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் போகத்தில் 70 சென்டிமீட்டர். வரப்பின் நீளம் 100 மீட்டர் என்றால் 70 சதுர மீட்டர் நிலம் கைமாறிவிட்டது. சென்ட் கணக்கில் ஒன்றே முக்கால். பத்திரம் எழுதவில்லை, முத்திரைத்தாள் வாங்கவில்லை, பட்டா மாறவில்லை. இரண்டு மூலையிலும் கல் இருந்தால் ஒரு கயிற்றைக் கட்டி இழுத்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். கல் இல்லையென்றால் பத்து வருஷம் கழித்து நிலத்தை விற்கப் போகும்போதோ, அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போதோதான் விஷயம் வெடிக்கும்.

தருமபுரி மாவட்டத்தில் இது இன்னும் சிக்கல். நஞ்சைப் பகுதிகளில் உள்ளதுபோல் இங்கே வயல்கள் கட்டம் கட்டமாக இருப்பதில்லை. பெரும்பகுதி மானாவாரி. பாறை, ஓடை, வண்டிப்பாதை, கரடு இவற்றுக்கு நடுவே கிடைத்த இடத்தில் கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் விதைத்துப் பழகிய மண். பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டமோ காரிமங்கலத்து மாந்தோப்போ, எந்தப் புலத்தை எடுத்தாலும் ஐந்தாறு வளைவுக்குக் குறையாது. வளைவு கூடக்கூட மூலை கூடும், மூலை கூடினால் கல்லும் கூடும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கல் நின்றால்தான் புலத்தின் உருவம் நிற்கும்.

இத்தனைக்கும் தமிழ்நாட்டிலேயே கல்லுக்குப் பஞ்சமில்லாத மாவட்டங்களில் ஒன்று தருமபுரி. இங்கே வெட்டும் கருங்கல் கடல் கடந்து போகிறது. நம் வயல் மூலையில் மட்டும் கல் நிற்பதில்லை.

கல்லுக்கு ஒரு சட்டம்

எல்லைக்கல்லைப் பிடுங்குவது குற்றம் என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. அரசு அலுவலர் நட்ட எல்லைக்குறியை அழிப்பவருக்கு, நகர்த்துபவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 434-வது பிரிவு சொன்னது. இப்போது வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 326-வது பிரிவுக்குள் அடங்கிவிட்டது. தண்டனை அதேதான்.

அதைவிட முக்கியமானது 1923-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம். 1860-லேயே சென்னை மாகாணத்தில் எல்லைக்குறிகளுக்கென ஒரு சட்டம் வந்துவிட்டது. 1897-ல் அதைவிட விரிவாக ஒன்று வந்தது. அதன் வாரிசுதான் இது. நூறு வருஷம் தாண்டியும் தமிழ்நாட்டில் ஒரு மூலையின் தலைவிதியை இந்தச் சட்டமே தீர்மானிக்கிறது. பக்கத்து நிலத்தார் எல்லோருக்கும் அறிவிப்பு கொடுத்து, தகராறு இருந்தால் விசாரித்து, எல்லையைத் தீர்மானித்து, அளவை முடிந்தது என்று அறிவிக்கை வெளியிட்டுவிட்டால், அந்த எல்லை சரியானது என்பதற்கு அதுவே முடிவான சான்று. ஆட்சேபம் உள்ளவர் அறிவிக்கை வந்த மூன்று வருஷத்துக்குள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

சரி, நட்ட கல்லை யார் காப்பது? 15-வது பிரிவு இதைப் பட்டாதாரர் தலையில் கட்டுகிறது. தன் நிலத்தின் எல்லையில் உள்ள குறிகளைப் பராமரிப்பது, புதுப்பிப்பது, பழுது பார்ப்பது அவர் கடமை. அவர் செய்யாவிட்டால் அரசு செய்துவிட்டுச் செலவை நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம். அடுத்த பிரிவு கிராமத் தலைவருக்கு: குறிகள் அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அழிந்தால் மேலே தெரிவிக்க வேண்டும். அன்றைக்கு அந்தப் பொறுப்பு மணியக்காரரிடமும் முன்சீப்பிடமும் இருந்தது. 1980-ல் பரம்பரைப் பதவிகள் ஒழிந்த பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது. அவருடைய கடமைப் பட்டியலில் சர்வே கல்லும் இன்றுவரை இருக்கிறது. சாதிச் சான்று, வாரிசுச் சான்று, வெள்ள நிவாரணக் கணக்கு, வாக்காளர் பட்டியல் எல்லாம் பார்த்து முடித்த பிறகு கல்லைப் பார்க்க அவருக்கு நேரம் எங்கே என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

ஆகச் சட்டம் கல்லை அனாதையாக விடவில்லை. காகிதத்தில் அதற்கு இரண்டு காவலர்கள் உண்டு. இருவரில் ஒருவருக்குத் தன் கடமை தெரியாது, இன்னொருவருக்கு நேரம் கிடையாது.

மூலையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்

நல்ல அளவர் ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவர் கையில் அந்தப் புலத்தின் புலப்படம் இருக்கும், எஃப்.எம்.பி. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சுற்றியுள்ள புலங்களின் படத்தையும் சேர்த்தே கொண்டுவந்திருப்பார். தன் புலத்தின் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருபவர் அரை வேலைக்காரர் என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

படத்தில் எல்லைக்கோடுகளின் நீளம் எழுதியிருக்கும். அதுதான் எஃப் லைன். புலத்தின் குறுக்கே ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகும் துணைக்கோடு ஜி லைன். அந்தக் கோட்டின் மீது இத்தனை மீட்டர் நடந்து, அங்கிருந்து இடமோ வலமோ செங்குத்தாக இத்தனை மீட்டர் திரும்பினால் வளைவுக்கல் வரும் என்று எழுதியிருக்கும். அந்தச் செங்குத்துத் தூரம் ஆப்செட். உதாரணமாக ஜி லைனில் 42.6 மீட்டரில் இடப்பக்கம் 7.2. செங்குத்தைப் பார்க்கக் கிராஸ் ஸ்டாஃப் என்ற எளிய கருவி போதும். சங்கிலியும் கிராஸ் ஸ்டாஃபும் கொண்டே சென்னை மாகாணம் முழுவதையும் அளந்து முடித்திருக்கிறார்கள்.

அந்தச் சங்கிலி 66 அடி; அதில் 100 லிங்க்; ஒரு லிங்க் 7.92 அங்குலம். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். கணக்குப் போட வசதியாக எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் 17-ஆம் நூற்றாண்டில் செய்த ஏற்பாடு அது. இன்றைய புலப்படங்களில் மீட்டரில் இருக்கும் பல எண்கள் அந்த லிங்குகளிலிருந்து மாற்றி எழுதியவை.

முதல் வேலை புதுக்கல் நடுவதல்ல, பழைய கல்லைத் தேடுவது. குறைந்தது மூன்று கல்லாவது கிடைக்க வேண்டும். இரண்டு கல்லுக்கு நடுவே படத்தில் 118.4 மீட்டர், நாடாவில் 117.6 என்று வந்தால் ஏதோ ஒரு கல் நகர்ந்திருக்கிறது, அல்லது ஒன்று கல்லே அல்ல, யாரோ நட்ட முட்டுக்கல். எது என்று மூன்றாவது கல்தான் சொல்லும். கல்லின் தலையைச் சுரண்டிப் பார்ப்பார். வெட்டுக்குறி இருக்கிறதா, நேராக நிற்கிறதா, அடி மண் கிளறாமல் கெட்டியாக இருக்கிறதா. ஒரே ஒரு கல்லை நம்பி அதிலிருந்து எல்லாவற்றையும் அளந்து கொடுப்பவரை என் நிலத்துக்குள் நான் விடமாட்டேன்.

இங்கேதான் வழக்கமான பேச்சு எழும். "சார், அந்தக் கல்லு எங்க தாத்தா காலத்திலிருந்தே அங்கதான் இருக்குது." வரப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பங்காளி உடனே, "பெரியப்பா, போன வருஷம் பொக்லைன் வந்தப்ப அது சாஞ்சது, நீங்கதான் தூக்கி வெச்சீங்க" என்பார். அளவர் இரண்டையும் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். தாத்தா காலத்துப் பேச்சும் ஒரு சாட்சிதான். ஆனால் நாடா ஓடி முடிந்த பிறகு எடை போட வேண்டிய சாட்சி.

மலையடிவாரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. வத்தல்மலைச் சரிவிலும் சித்தேரி மலையடியிலும் நாடாவைத் தரையோடு போட்டு இழுத்தால் கணக்கு கெட்டுவிடும். புலப்படத்தில் இருப்பது மட்டத் தூரம். 10 டிகிரி சரிவில் தரையோடு 100 மீட்டர் அளந்தால் மட்டத் தூரம் 98.5 மீட்டர்தான் வரும். ஒன்றரை மீட்டர் போச்சு. அதனால் நாடாவை மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, படிப்படியாக இறங்கி அளக்க வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை. ஒரே நாளில் ஐந்தாறு மனுக்களை முடிக்க வேண்டிய அளவர் எல்லா இடத்திலும் இதைச் செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு தவறு, படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளப்பது. 1:2000 அளவில் வரைந்த படத்தில் பேனாக்கோட்டின் தடிமன் 0.2 மில்லிமீட்டர் என்றால், நிலத்தில் அந்தக் கோடே 40 சென்டிமீட்டர் அகலம். படத்தில் எழுதியிருக்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டும், வரைந்த கோட்டை நம்பக் கூடாது. செல்போன் செயலியில் புலப்படத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மீது ஒட்டவைத்துக் காட்டி, "இதோ பாருங்க, உங்க வேலி எங்க நிலத்துல" என்று சண்டைக்கு நிற்பவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சாதாரணப் போனின் ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும். அதை வைத்துக் கோயிலுக்கு வழி கண்டுபிடிக்கலாம். வேலி போட முடியாது.

பாரமகால் கதை

புலம் புலமாக அளக்கும் வேலை தென்னிந்தியாவில் பெரிய அளவில் தொடங்கிய இடங்களில் முதன்மையானது இந்த மண்தான். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் இந்தப் பகுதி அடங்கிய பாரமகாலையும் சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். நிர்வாகத்துக்கு வந்தவர் கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட். அவருக்கு மூன்று உதவியாளர்கள். அவர்களில் ஒருவர் தருமபுரியில் தங்கிய தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான அதே மன்றோ.

அதுவரை இங்கே நிலத்தின் அளவு விதைப்பாட்டில் இருந்தது. இத்தனை கொளகம் விதைக்கும் நிலம் என்றால் ஊருக்குப் புரியும், கம்பெனிக்குப் புரியாது. கரட்டு நிலத்தில் ஒரு கொளகம் பிடிக்கும் இடம் வேறு, கிணற்றடி நிலத்தில் பிடிக்கும் இடம் வேறு. ரீட்டும் உதவியாளர்களும் 1790-களில் ஒவ்வொரு வயலையும் அளந்து, அதை உழுகிறவர் பேரிலேயே தீர்வை போட முயன்றார்கள். இடையில் ஜமீன்தார் இல்லை, குத்தகைதாரர் இல்லை. ரயத்துவாரி முறை என்று பின்னால் பாடப் புத்தகங்களில் ஏறியது இந்த மண்ணில் முளைத்ததுதான். இதே சமயத்தில், 1794-ல், சென்னையில் மைக்கேல் டாப்பிங் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் அந்தப் பள்ளி.

ஆனால் ரீட் காலத்து அளவை வரி போடுவதற்கான அளவை. எத்தனை ஏக்கர் என்பது முக்கியம், மூலை எங்கே என்பது இரண்டாம்பட்சம். 1858-க்குப் பிறகு தனித் துறை அமைத்துச் செய்த அளவையில்தான் மூலைக்கு மதிப்பு வந்தது. புலத்துக்குப் படமும், வளைவுக்குக் கல்லும், மூன்று கிராம எல்லை கூடும் இடத்தில் முச்சந்திக் கல்லும் வந்தன. வரிக்கு வந்த அளவையும் உரிமைக்கு வந்த அளவையும் ஒன்றல்ல என்பது நம் ஊர்த் தகராறுகளில் பாதியை விளக்கிவிடும். பட்டா வரிக்கணக்கின் பிள்ளை. ஏக்கர், சென்ட், தீர்வை எல்லாம் அதில் இருக்கும். எந்த மூலையில் என்ன கல் என்று ஒரு வரி கூட இருக்காது.

வெள்ளைக்காரன் வந்துதான் எல்லைக்கல் நட்டான் என்றும் நினைத்துவிடக் கூடாது. சோழர் செப்பேடுகளில் ஊரைத் தானம் கொடுக்கும்போது பெண் யானையை நடத்தி எல்லையைச் சுற்றி வந்து கல்லும் கள்ளியும் நட்ட செய்தி வருகிறது. கல் போனாலும் கள்ளி துளிர்க்கும். கள்ளி கருகினாலும் கல் நிற்கும். மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயத்தை எத்தனையோ காரணங்களுக்காகத் திட்டலாம், திட்டியும் இருக்கிறோம்; எல்லை விஷயத்தில் மட்டும் அது கெட்டிக்காரத்தனமான யோசனை சொல்கிறது. வெளியே தெரியும் அடையாளத்தோடு, மண்ணுக்குள் கரி, சாம்பல், உமி, ஓட்டுச் சில்லு, செங்கல், கூழாங்கல் என்று எளிதில் மக்காத பொருள்களைப் புதைத்து வைக்கச் சொல்கிறது. மேலே உள்ளதைத் திருடன் எடுத்துப் போனாலும் தோண்டிப் பார்த்தால் இடம் தெரியும். இன்றைக்கும் பல நாட்டு அளவர்கள் மூலைக்கு இப்படித் துணை அடையாளம் வைக்கிறார்கள்.

கையெழுத்து இல்லாத கல்

என் புகார் இதுதான்: நம் மூலைக்கல்லுக்கு ஆள் பெயர் கிடையாது. யார் நட்டார், எந்தத் தேதியில், எந்த மூன்று கல்லிலிருந்து அளந்து நட்டார் என்பதெல்லாம் அலுவலகக் கோப்பில் இருக்கலாம். வயலில் நிற்கும் கல்லைப் பார்த்து எதுவும் தெரியாது.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் சொத்து மூலையில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து, அதன் தலையில் தொப்பி மாட்டி, அளவரின் உரிம எண்ணை அதில் பொறிக்க வேண்டும். தவறு நடந்தால் அந்த எண்ணைப் பிடித்து ஆளைப் பிடிக்கலாம். இலங்கையில் 2002-ஆம் ஆண்டின் அளவைச் சட்டப்படி நில அளவைப் பேரவை ஒன்று இருக்கிறது. அதில் பதிந்த அளவர் கையெழுத்திட்ட படம் இல்லாமல் அங்கே காணிப் பேச்சு நகராது. தப்பாக அளந்தால் உரிமம் போகும் என்ற பயம் அளவருக்கு உண்டு. இங்கே எல்லையைத் தீர்மானிக்கும் அதிகாரம் சட்டப்படி அரசு அளவரிடம் மட்டும் இருக்கிறது. டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி வைத்து அருமையாக அளக்கும் தனியார் அளவர்கள் தருமபுரியிலேயே இருக்கிறார்கள். அவர்கள் நடும் கல் 1923 சட்டத்தின் கல் ஆகாது.

அப்படி ஆகாத கற்கள்தான் இன்று கண்ணில் அதிகம் படுகின்றன. நல்லம்பள்ளிப் பக்கம் நெடுஞ்சாலை ஓரமாகப் போனால் மஞ்சள் பூசிய மனைக்கற்கள் வரிசையாகத் தெரியும். அவை மனை விற்பவர் நட்டவை. மனைப்பிரிவுக்குள் அவை ஒழுங்காகவே இருக்கலாம். ஆனால் மனைப்பிரிவின் வெளி எல்லை பக்கத்துப் புலத்தோடு சர்வே கல்லில் பொருந்துகிறதா என்று யாரும் கேட்பதில்லை. வெளி எல்லை இரண்டடி தள்ளியிருந்தால் உள்ளே உள்ள மனைகளும் சேர்ந்து தள்ளும். கடைசி மனைக்காரர் வீடு கட்டும்போதுதான் பக்கத்துத் தோட்டக்காரர் கம்போடு வந்து நிற்பார்.

அளவரின் வேலை என்ன என்பதிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றத்தில் இருந்த தாமஸ் கூலி என்ற நீதிபதி இதைப் பற்றித் தெளிவாகப் பேசியிருக்கிறார். முதலில் அளந்தவர் எங்கே குறி வைத்தார் என்று கண்டுபிடிப்பதுதான் பின்னால் வருபவரின் வேலை. அந்தக் குறி கணக்குப்படி எங்கே இருந்திருக்க வேண்டும் என்று புதிதாகத் தீர்மானிப்பது அவர் வேலை இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். ஐம்பது வருஷமாக இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டு வாழ்ந்த எல்லையை, புதுக் கருவி காட்டிய அரை அடிக்காகக் கலைப்பவர் சண்டையைத் தீர்ப்பவரல்ல, மூட்டிவிடுபவர். நம் நீதிமன்றங்களும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் போகின்றன: பத்திரத்தில் நான்கெல்லைக்கும் பரப்பளவுக்கும் முரண்பாடு வந்தால் பொதுவாக நான்கெல்லைதான் செல்லும். வழக்கு வந்தால் நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை ஆணையராக நியமித்து, அளவரோடு வயலுக்கு அனுப்பும். அந்த ஆணையரும் முதலில் கேட்கும் கேள்வி, "கல் எங்கே?"

செயற்கைக்கோள் வந்தால் தீருமா

தமிழ்நாட்டில் புலப்படங்கள் கணினிக்குப் போய்விட்டன. பட்டா, அ பதிவேடு, புலப்படம் எல்லாம் வீட்டிலிருந்தே எடுக்கலாம். எல்லை அளந்து அத்து காட்ட இணையத்திலேயே மனு போடலாம். 2023 அக்டோபரிலிருந்து காலி மனையைப் பதியும்போது, இடத்தைக் குறிக்கும் ஆயத்தொலைவோடு கூடிய புகைப்படத்தையும் இணைக்க வேண்டும். இவை எல்லாம் நல்ல மாற்றங்கள்தான். சென்டிமீட்டர் துல்லியத்தில் காட்டும் டி.ஜி.பி.எஸ். ரோவர் கருவிகளும், அவற்றுக்குத் துணையாக இரவு பகலாக இயங்கும் தரை நிலையங்களும் வந்துவிட்டன.

கல் இல்லாத இடத்தில் இந்தக் கருவி எதைப் பார்த்து அளக்கும்? ரோவரை எங்கே ஊன்றினாலும் அது அந்த இடத்தின் ஆயத்தொலைவைத் துல்லியமாகச் சொல்லும். ஊன்றிய இடம் மூலைதானா என்று சொல்லாது. பழைய புலப்படம் ஆயத்தொலைவில் எழுதியதல்ல. கல்லுக்குக் கல் எழுதியது. அதை ஆயத்தொலைவுக்கு மாற்ற வேண்டுமானால் பழைய கல்லில் இரண்டு மூன்றாவது தரையில் நிற்க வேண்டும். நகர்ந்த கல்லின் மேல் ரோவரை வைத்துப் பதிந்தால், அந்தத் திருட்டு சென்டிமீட்டர் துல்லியத்தில் சட்டபூர்வமாகிவிடும்.

சிங்கப்பூர் 2004-ல் இந்த மாற்றத்தைச் செய்தது. இன்று அங்கே நில எல்லைகள் ஆயத்தொலைவால் நிற்கின்றன. ஒரு குறி தொலைந்தாலும் அதே இடத்தில் திரும்ப வைத்துவிட முடியும். அதற்கு முன்னால் இருந்த குறிகளைத் தேடிப் பிடித்து, ஒரே வலையில் இணைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் செய்தார்கள். கல் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை அது. தருமபுரியில் வருஷத்துக்கு வருஷம் கல் குறைந்துகொண்டு வருகிறது.

1979-லிருந்து 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், ஊர் மொழியில் யு.டி.ஆர்., நமக்கு ஒரு பாடம். உழுகிறவர் பெயரும் பதிவேட்டுப் பெயரும் பொருந்த வேண்டும் என்ற நல்ல நோக்கம். அவசரத்தில் பெயர் மாறியது, பரப்பு மாறியது, உட்பிரிவு மாறியது. அந்தத் தவறுகளைத் திருத்தக் கேட்டு இன்னமும் மனுக்கள் வருகின்றன. காகிதத்தில் நடந்த தவறையே நாற்பது வருஷமாகத் திருத்திக்கொண்டிருக்கிறோம். மூலையில் நடக்கும் தவறு இன்னும் நீண்ட ஆயுள் உள்ளது.

வேறு ஒரு கல்

2018-ல் தருமபுரிக்காரர்கள் வேறு வகைக் கல்லைப் பார்த்தார்கள். சென்னை - சேலம் எட்டுவழிச் சாலைக்காக, 277 கிலோமீட்டர் நீளத்தில், இம்மாவட்டத்தின் அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதிகள் வழியாகவும் கல் நட்டுக்கொண்டு போனார்கள். தென்னந்தோப்புக்கு நடுவில், கிணற்றுக்குப் பக்கத்தில், வீட்டு வாசலில் கல். போலீஸ் காவலோடு நட்டார்கள்; பெண்கள் மறித்து அழுதார்கள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் நிலத்துக்குள் நுழைந்து குறி வைக்க அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் அந்தக் குறி நில உரிமையின் எல்லை ஆகாது. கையகப்படுத்த உத்தேசித்த கோடு மட்டும்தான்.

2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றித் திட்டத்துக்கு வழி விட்டாலும், வருவாய்ப் பதிவேடுகளில் அவசரமாகச் செய்த பெயர் மாற்றங்களை நில உரிமையாளர் பெயருக்கே திருப்ப வேண்டும் என்ற பகுதியை ஏற்றுக்கொண்டது. கல் நட்டதாலேயே நிலம் கைமாறிவிடாது என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமே சொன்னதாக நான் இதை வாசிக்கிறேன்.

அந்தக் கல்லை நடும்போது காட்டிய வேகத்தில் பத்தில் ஒரு பங்கையாவது தொலைந்த மூலைக்கற்களைத் திரும்ப நடுவதில் அரசு காட்டியிருக்கலாம். அரசுக்குத் தேவையான கல் என்றால் போலீசோடு வருகிறது. விவசாயிக்குத் தேவையான கல் என்றால் மனு, கட்டணம், காத்திருப்பு.

செய்ய முடியாத வேலை எதையும் நான் கேட்கவில்லை. அரசு அளவர் நடும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு புகைப்படம், ஆயத்தொலைவு, பக்கத்தில் அசையாமல் நிற்கும் மூன்று பொருளிலிருந்து தூரம் - கிணற்றுச் சுவர், மதகு, பாறை, மின்கம்பம் எதுவாகவும் இருக்கலாம் - இவற்றோடு நட்டவர் பெயரும் தேதியும் புலப்படத்திலேயே ஏற வேண்டும். பக்கத்து நிலத்தார் கையெழுத்து அதில் இருக்க வேண்டும். மறுத்தால் மறுத்தார் என்று எழுத வேண்டும். வருஷா வருஷம் ஜமாபந்தியில் கிராமக் கணக்கைப் பார்க்கும்போது, இந்தக் கிராமத்தில் எத்தனை கல் நிற்கிறது, எத்தனை காணோம் என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி வேலை நடந்துவிடும். பட்டாவில் இன்னும் ஒரு பத்தி சேர்க்கலாம்: உங்கள் புலத்தின் கற்களைக் காப்பது உங்கள் பொறுப்பு, 15-வது பிரிவு. இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை.

நிலம் வைத்திருப்பவர்களுக்கு: அடுத்த உழவுக்கு முன்னால் ஒருமுறை நான்கு மூலையும் நடந்து பாருங்கள். இருக்கும் கல்லைச் சுற்றிப் புல் செதுக்கி, தலையில் சுண்ணாம்பு அடித்து, பக்கத்து நிலத்துக்காரரையும் கூட நிறுத்திப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிராக்டர்காரரிடம் கல்லைக் காட்டிவிட்டு உழச் சொல்லுங்கள். சாய்ந்த கல்லை நீங்களாகத் தூக்கி நேராக நிறுத்த வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலம் வாங்கப் போகிறவர்களுக்கு: வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் பார்ப்பது போலவே மூலைக்கல்லையும் பாருங்கள். "அதோ அந்த வேம்புக்கு நேரா" என்று கை நீட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். விற்பவர் பெயரிலேயே அளவைக்கு மனுப் போடச் சொல்லுங்கள். அறிவிப்பு பக்கத்து நிலத்தாருக்குப் போகட்டும். அளக்கும் நாளில் நீங்களும் போய் நில்லுங்கள். கல் நட்டு, படத்தில் கையெழுத்து ஆன பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.